அம்மாவின் வயிறும் ஆன்டிபயாடிக்கும்: போன நல்ல பாக்டீரியா திரும்பி வர என்ன செய்யலாம்?

பொருநைக்கரை (திருநெல்வேலி)

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. தோட்டத்தில் முள் குத்தியதை யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டார். கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் கொதிக்கிற நிலைக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரையை ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். கால் நன்றாக வற்றிவிட்டது. ஆனால் நாலாம் நாளிலிருந்து வயிறு போகிறது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை, தண்ணீராக. இன்று ஆறாம் நாள். காய்ச்சல் இல்லை.

மருந்துக் கடையில் கேட்டேன். "மாத்திரையில நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துப்போச்சு, இதக் குடுங்க" என்று ஒரு குட்டிப் பிளாஸ்டிக் குப்பி ஐந்தையும் மாத்திரை அட்டை ஒன்றையும் எடுத்து வைத்தார்கள். அம்மா அதைத் தொட மாட்டேன் என்கிறார். மோர் குடித்தால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டு ஆச்சி பழைய சோறு கொடுக்கச் சொல்கிறார். ஊரில் இருக்கும் தம்பி போன் செய்து, எதையும் கொடுக்காதே, தானாக நிற்கும் என்கிறான்.

ஆளுக்கொன்று சொல்லும்போது யார் பேச்சைக் கேட்பது? குடலில் இருக்கும் பாக்டீரியா உண்மையிலேயே இவ்வளவு முக்கியமா? போனது திரும்ப வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செவிலியக்கா (மதுரை)

தங்கச்சி, பாக்டீரியா பேச்சு அப்புறம். முதலில் அம்மாவைப் பார். நாக்கு உலர்ந்திருக்கிறதா? சிறுநீர் வழக்கம்போலப் போகிறதா? எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா? 68 வயதில் ஆறு நாள் மாத்திரையும் இரண்டு நாள் பேதியும் சேர்ந்தால் உடம்பில் நீர் வேகமாகக் குறையும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் ஒரு டம்ளர் கொடு. பொட்டலம் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது.

மாத்திரை எழுதிய டாக்டரிடம் இன்றே சொல்லிவிடு. நீயாக நிறுத்தாதே, கால் திரும்பவும் கெட்டுவிடும். போவதை நிறுத்துகிற மாத்திரையைக் கடையில் வாங்கியும் கொடுக்காதே. மலத்தில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ காத்திருக்கவே வேண்டாம், அழைத்துக்கொண்டு போ. அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரா? நீர் பிரிக்கிற மாத்திரை அதில் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முப்பது வருட வேலையில் ஆன்டிபயாடிக் பேதியை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பத்தில் எட்டு ஒன்பது மாத்திரை முடிந்ததும் தானாக நிற்கும். மிச்சம் ஒன்றிரண்டு அப்படி இல்லை. கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்று ஒரு கிருமி. மற்ற பாக்டீரியா இடத்தைக் காலி செய்ததும் அது தலைதூக்கி, குடலையே புண்ணாக்கும். வயதானவர்களிடம்தான் அதன் வேகம் அதிகம்.


பொருநைக்கரை

அக்கா, மிக்க நன்றி. டாக்டரிடம் பேசிவிட்டேன். இன்னும் ஒரே நாள் மாத்திரைதான், முடித்துவிடுங்கள், நாளை மலப் பரிசோதனை பார்ப்போம் என்றார். ஓஆர்எஸ் ஆரம்பித்துவிட்டோம். நாக்கு ஈரமாகத்தான் இருக்கிறது.


நுண்ணோக்கி (கல்லூரி ஆசிரியர், நுண்ணுயிரியல்)

செவிலியக்கா சொன்னதற்கு மேல் மருத்துவமாக நான் எதுவும் சொல்லப் போவதில்லை. "உண்மையிலேயே முக்கியமா" என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இருபது வருடமாக வகுப்பில் சொல்லியும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

நம் உடலில் மனித செல்லைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது பழைய கணக்கு. 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மைலோவின் குழு மறுபடி கணக்குப் போட்டது. ஒரு சராசரி ஆளிடம் மனித செல் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. எல்லாம் சேர்த்து எடை 200 கிராம் தான். பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது.

அங்கே என்ன செய்கிறது? நாம் சாப்பிடும் கீரை, பயறு, வாழைத்தண்டு இவற்றின் நாரைச் செரிக்க நம்மிடம் நொதி கிடையாது. சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்கு அப்படியே வந்து சேரும். அதைப் பாக்டீரியாதான் நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. இதில் பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியச் சாப்பாடு. மற்ற செல்கள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்து வாழும்போது, இந்தச் செல்கள் உள்ளே தங்கியிருக்கிற விருந்தாளி சமைத்துக் கொடுப்பதைச் சாப்பிட்டு வாழ்கின்றன. நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. இந்த அமிலங்கள் உட்சுவரில் உப்பையும் நீரையும் உறிஞ்சவும் உதவுகின்றன. ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் மலம் தண்ணீராவதற்கு ஒரு காரணம் இது: சமைக்கிற ஆள் குறைந்துவிட்டார்.

அடுத்தது காவல். பித்தநீரில் இருக்கும் அமிலங்களைக் குடல் பாக்டீரியா வேறு வடிவத்துக்கு மாற்றுகிறது. அக்கா சொன்ன டிஃபிசில் கிருமியின் வித்து (விதைபோல உறங்கிக் கிடக்கும் வடிவம்), மாறாத பித்த அமிலத்தைக் கண்டால் முளைக்கும். மாறிய அமிலத்தில் அந்தக் கிருமி வளர முடியாது. அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் கொன்றுவிட்டால் கதவு திறந்தது போலத்தான். இதற்குச் சான்று வேண்டுமென்றால், 2013-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு ஆய்வைப் பாருங்கள். திரும்பத் திரும்ப டிஃபிசில் வந்து அவதிப்பட்டவர்களுக்கு, நலமாக இருக்கும் ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி மூக்கு வழிக் குழாயில் சிறுகுடலுக்குச் செலுத்தினார்கள். 16 பேரில் 15 பேர் குணமானார்கள், அதில் 13 பேர் முதல் தடவையிலேயே. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் வாங்கிய 13 பேரில் குணமானது 4 பேர். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் நம் குடலுக்குள் இருக்கும் கூட்டம் என்னவெல்லாம் செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று எனக்குத் தெரியாது.


ஈரோடு_மஞ்சள்

சார், அப்படியானால் அந்தக் குப்பி, கேப்சூல் எல்லாம் கொடுக்கலாமா கூடாதா? எங்கள் வீட்டில் காய்ச்சல் மாத்திரையோடு கூடவே அதையும் எழுதிக் கொடுக்கிறார்கள்.


நுண்ணோக்கி

இந்தக் கேள்விக்கு இரண்டு பதிலும் உண்மை, அதுதான் சிக்கல்.

ஆன்டிபயாடிக் பேதியைத் தடுக்கப் புரோபயாடிக் (குப்பியிலும் கேப்சூலிலும் வரும் உயிருள்ள நல்ல நுண்ணுயிர்) உதவுமா என்று 2012-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 63 ஆய்வுகள், 11,811 பேர். புரோபயாடிக் எடுத்தவர்களுக்குப் பேதி வரும் வாய்ப்பு 42 சதவீதம் குறைவாக இருந்தது. எனவே பயனில்லை என்று சொல்ல முடியாது. சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்று வரும் பொட்டலம் ஈஸ்ட் வகை, பாக்டீரியா இல்லை. அதனால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. குப்பியில் வருவது பெரும்பாலும் பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியாவின் வித்து.

மறுபக்கம், 2018-ல் அதே வைஸ்மன் நிறுவனத்தில் 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை, ஒரு குழுவுக்கு 11 வகை கலந்த புரோபயாடிக், இன்னொரு குழுவுக்கு ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் எடுத்து வைத்த அவரவர் மலம். சொந்த மலம் வாங்கியவர்களுக்குச் சில நாளிலேயே பழைய நிலை வந்தது. எதுவும் வாங்காதவர்களுக்கு மூன்று வாரத்தில் வந்தது. புரோபயாடிக் வாங்கியவர்களுக்கு ஐந்து மாதம் கழித்தும் முழுதாக வரவில்லை. வெளியிலிருந்து வந்த பாக்டீரியா இடத்தைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்களை உள்ளே வரவிடாமல் தாமதப்படுத்தியது. சிறிய ஆய்வுதான், ஒரே ஆய்வுதான். ஆனாலும் "செத்ததற்குப் பதில் இதைப் போட்டு நிரப்புகிறோம்" என்று கடையில் சொல்வது சரியில்லை என்று காட்டிவிட்டது. ஒரு கேப்சூலில் சில வகைகள் இருக்கும். குடலில் இருப்பது நூற்றுக்கணக்கான வகை. பியூட்டிரேட் செய்வதில் கெட்டிக்காரனான ஃபேகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி ஆக்சிஜனைத் தாங்காது. நம் கடைகளில் விற்கும் எந்தக் குப்பியிலும் அது கிடையாது.

டாக்டர் எழுதிக் கொடுத்தால், அந்தப் பத்து நாள் பேதிக்காக என்று நினைத்துக் கொடுங்கள். மாதக்கணக்கில் தொடர்ந்து கொடுக்கத் தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை. மிகவும் நோய்வாய்ப்பட்டவர்களுக்கு இது ஆபத்தாகவும் முடியலாம். 2008-ல் நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி உள்ளவர்களுக்குப் புரோபயாடிக் கொடுத்த ஆய்வில் இறப்பு 6 சதவீதத்துக்குப் பதில் 16 சதவீதம் ஆனது. மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு நாமாக வாங்கிப் போய்க் கொடுக்கவே கூடாது.


நீராகாரம் (தஞ்சை)

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் இஸ்ரேல், நெதர்லாந்து என்று போகிறவர்கள் நம் அடுப்படியை ஏன் பார்ப்பதில்லை என்று எனக்கு வருத்தம். என் தாத்தா 91 வயது வரை வயலுக்குப் போனார். விடியற்காலையில் மண்பானையிலிருந்து ஒரு சொம்பு நீராகாரம், கொஞ்சம் உப்பு, இரண்டு சின்ன வெங்காயம். வயிற்றுக்கு என்று அவர் ஒரு மாத்திரை போட்டு நான் பார்த்ததில்லை.

நான் விவசாயி, எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நடவு வயலில் பயிர் அடர்த்தியாக இருந்தால் களைக்கு இடமில்லை. பயிரைப் பிடுங்கிவிட்டால் முதலில் வருவது களைதான். ஆன்டிபயாடிக் அப்படித்தான். இப்போது களை வருவதற்குள் பயிர் வர வேண்டும். பழைய சோற்றில் நல்ல பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்புச்சத்து இரவு ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிறது என்று படித்தேன். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே பழைய சோற்றை வைத்துக் குடல் நோய்க்கு ஆய்வு செய்திருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் நாம் ஏன் குப்பி வாங்க வேண்டும்?


நுண்ணோக்கி

ஐயா, உங்கள் வயல் உவமையை என் வகுப்பில் சொல்ல அனுமதி வேண்டும். அதைவிடத் தெளிவாக நான் சொன்னதில்லை.

ஆனால் அந்த இரும்புக் கணக்கை மட்டும் ஏற்க முடியவில்லை. வாட்ஸப்பில் எனக்கும் பத்து முறை வந்திருக்கிறது. இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா வைட்டமின் செய்யும், அமிலம் செய்யும், தனிமத்தை உண்டாக்க அதனால் முடியாது. மூடிய பானையில் இரவு 3.4 மில்லிகிராம் இருந்தால் காலையிலும் அதே 3.4 தான் இருக்கும், பானையோ தண்ணீரோ இரும்பு விட்டால் ஒழிய. நொதித்தலில் உண்மையில் நடப்பது வேறு. தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைடேட் கொஞ்சம் உடைகிறது. அதனால் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது சுலபமாகிறது. இதுவே நல்ல செய்திதான். ரத்தசோகை உள்ள ஒரு பெண் 73.91 என்ற எண்ணை நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆவது? அந்தப் பயத்தில்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பழைய சோற்றின் உண்மையான பெருமை இரண்டு. ஒன்று, லாக்டிக் அமில பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. இட்லியிலும் நொதித்தல் நடக்கிறது. மாவைப் பொங்க வைப்பது லூகோனோஸ்டாக் மீசென்டிராய்டிஸ் என்று 1965-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் இட்லி மாவை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆவியில் வெந்ததும் அவை செத்துவிடும். பழைய சோற்றையும் மோரையும் சூடு செய்யாமல் சாப்பிடுகிறோம், அதனால் உயிரோடு உள்ளே போகின்றன. அங்கே நிரந்தரமாகக் குடியேறுவதில்லை, சில நாள் இருந்துவிட்டுப் போய்விடும். ஆனாலும் தினமும் போனால் பயன் உண்டு. 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து 10 வாரம் பார்த்தார்கள். தயிர் போன்ற நொதித்த உணவை நிறையச் சாப்பிட்ட குழுவில் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. இரண்டாவது பெருமை, வெந்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு உணவாகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதித்தாலும் சாகாது. சோற்றை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அது வளர்ந்து நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது. சோற்றைச் சீக்கிரம் ஆற விட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி, கழுவிய பானையில் வைத்தால் காலைக்குள் புளிப்பு ஏறி அந்தக் கிருமியை அடக்கும். நூல் விட்டாலோ நாற்றம் மாறினாலோ கொட்டிவிடுங்கள். அம்மாவுக்கு இப்போது வயிறு போகும் நேரத்தில் நான் பழைய சோற்றை ஆரம்பிக்க மாட்டேன். மோர் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு வாரம் போகட்டும்.


நீராகாரம்

இரும்பு விஷயம் புரிந்தது ஐயா. நானே நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கு இன்று திருத்தி அனுப்புகிறேன்.


வேலூர்க்காரன்

செரிக்காத மாவுச்சத்து பற்றி நுண்ணோக்கி சார் சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கதை இது, ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

ஓஆர்எஸ் உயிரைக் காக்கும், ஆனால் பேதியின் அளவைக் குறைக்காது. சர்க்கரையோடு சேர்ந்து உப்பும் நீரும் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது, அவ்வளவுதான். பேதி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் பல வீடுகளில், இதைக் கொடுத்தும் நிற்கவில்லையே என்று அம்மாக்கள் கைவிட்டுவிடுகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் வேலை செய்தவர்களும் வேறு வழியில் யோசித்தார்கள். காலரா நஞ்சு தாக்குவது முக்கியமாகச் சிறுகுடலை. பெருங்குடல் சும்மாதானே இருக்கிறது? அங்கே இருக்கும் பாக்டீரியாவை வேலை வாங்கினால் என்ன? சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவை லிட்டருக்கு 50 கிராம் ஓஆர்எஸ்ஸில் கலந்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியா அதை அந்தச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்ற, அமிலங்கள் உறிஞ்சப்படும்போது கூடவே உப்பும் நீரும் உள்ளே இழுக்கப்பட்டன. 48 காலரா நோயாளிகளிடம் பார்த்ததில், இந்தக் கரைசல் குடித்தவர்களுக்கு மலத்தில் போகும் நீர் குறைந்தது, பேதியும் சீக்கிரம் நின்றது. 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது.

காலரா வந்து கிடக்கிற ஆளின் குடலுக்குள்ளேயே உதவி இருக்கிறது, அதற்குச் சாப்பாடு அனுப்பினால் போதும் என்று ஒரு வைத்தியர் நினைத்தாரே, அந்த எண்ணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும். பேதி என்றாலே எல்லாவற்றையும் கொல்லும் மருந்தைக் கேட்கிறோம் நாம்.


கோமதி_வீடு

நாங்கள் சுத்த சைவம். குடல் பாக்டீரியாவே பி12 வைட்டமினைச் செய்து கொடுக்கும், மாத்திரை தேவையில்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே?


வேலூர்க்காரன்

இதற்கும் எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1980-ல் அதே கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட், மாதன், பேக்கர் ஆகியோர், நலமாக இருக்கும் தென்னிந்தியர்களின் சிறுகுடலில் உள்ள சில பாக்டீரியா பி12 செய்வதாக நேச்சர் இதழில் காட்டினார்கள். அந்த வீடியோவின் வேர் ஒருவேளை இதுவாக இருக்கலாம். ஆனால் பாக்டீரியாவின் பெரும் கூட்டம் இருப்பது பெருங்குடலில். பி12 உறிஞ்சப்படுவது அதற்கு முந்தைய சிறுகுடலின் கடைசிப் பகுதியில். கீழே தயாராவது மேலே ஏறாது. சிறுகுடலில் செய்வது மட்டும் போதும் என்றால் நம் சைவ வீடுகளில் இத்தனை பேருக்குக் கை கால் மரத்துப்போகும் தொல்லை வந்திருக்காது. பால், தயிரில் கொஞ்சம் உண்டு. ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் அம்மா.


முல்லைக்கொடி (திண்டுக்கல்)

இந்த இழையை இரவெல்லாம் படித்தேன். எனக்குக் குழந்தை பிறந்து 11 நாள். சிசேரியன். ஆபரேஷனில் பிறந்தால் தாயிடமிருந்து நல்ல பாக்டீரியா போகாது, குழந்தை நோஞ்சானாக இருக்கும் என்று யாரோ சொல்ல, அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மாமியார் சேனை வைக்க (குழந்தை நாக்கில் இனிப்புத் தடவ) தேன் வாங்கி வைத்திருக்கிறார். தேன் நல்லதுதானே, அதிலாவது பாக்டீரியா போகுமா?


செவிலியக்கா

கண்ணு, தேனை எடுத்து மேலே வைத்துவிடு. ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுக்கூட நாக்கில் தடவ வேண்டாம். கழுதைப்பாலும் சர்க்கரைத் தண்ணீரும் அதே கணக்கில்தான், வேண்டாம். தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். நீயும் நானும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, நம் குடல் பாக்டீரியா அதை முளைக்க விடாது. பச்சைக் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் வரவில்லை. வித்து அங்கே முளைத்து நஞ்சை விட்டால் குழந்தை பால் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிடும். மாமியாரிடம் கோபமாகப் பேசாதே. அவர்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள். டாக்டர் வேண்டாம் என்றார் என்று என் பேரைக்கூடச் சேர்த்துச் சொல்.

சிசேரியன் பற்றிய பயத்தையும் விடு. முதல் சில வாரம் வித்தியாசம் இருக்கும், உண்மைதான். 2019-ல் இங்கிலாந்தில் 596 குழந்தைகளைப் பார்த்ததில், மாதங்கள் போகப் போக சிசேரியன், சுகப்பிரசவம் இரண்டு பிரிவும் பெரும்பாலும் ஒன்று போலாகிவிட்டது. உன் கையில் இருக்கும் பெரிய மருந்து தாய்ப்பால். அதில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது, குழந்தைக்கு அது செரிக்காது. பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்து அதிகமாக இருப்பதே அதுதான். பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல குடல் பாக்டீரியாவுக்காகவே உன் உடம்பு அதைச் செய்து அனுப்புகிறது. பிள்ளைக்கும் சோறு, பிள்ளையின் வயிற்றுக்குள் இருப்பதற்கும் சோறு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் கொடுத்தாயல்லவா? அது போதும்.


நுண்ணோக்கி

அக்கா சொன்னதோடு ஒன்று. ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு 2017-ல் வந்தது. பிறந்த சில நாளில் தொடங்கி ஏழு நாள், லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் வகையில் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவும் அதற்கு உணவாக ஒரு சர்க்கரையும் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. அவ்வளவு குறைந்த செலவில் இத்தனை உயிர் என்பது பெரிய விஷயம். ஆனால் அது தேர்ந்தெடுத்த ஒரே வகை, அளந்த அளவு, நிறைமாதத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைகள். குறைமாதக் குழந்தைக்குக் கடையில் கிடைப்பதைக் கொடுத்து ரத்தத்திலேயே அந்தப் பாக்டீரியா பரவிய நிகழ்வுகளும் உண்டு. குழந்தைகள் டாக்டர் சொல்லாமல் எதுவும் வேண்டாம்.


முல்லைக்கொடி

அழுகை வந்துவிட்டது அக்கா. தேனை எடுத்து வைத்துவிட்டேன். சீம்பால் கொடுத்தேன்.


கொள்ளுரசம்

நார்ச்சத்து நல்லது என்று சுண்டல், மொச்சை எல்லாம் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் வயிறு பலூன் மாதிரி. ஆபீஸில் உட்கார முடியவில்லை. எனக்கு நல்ல பாக்டீரியா இல்லையோ?


நுண்ணோக்கி

இருப்பதால்தான் வாயு. பயறில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரை உண்டு. நமக்குச் செரிக்காது, பாக்டீரியாவுக்கு விருந்து. அது நொதிக்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வருகிறது. பல காலம் அரிசியும் மைதாவும் மட்டும் சாப்பிட்ட குடலுக்குத் திடீரென்று மூட்டை மூட்டையாக அனுப்பினால் இப்படித்தான். ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுங்கள். இரவு ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேக வையுங்கள், அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். மொச்சைக்கு முன் பாசிப்பயறு. சின்ன வெங்காயம், பூண்டு, வாழைக்காய், வாழைப்பூ, கீரைத்தண்டு, கேழ்வரகு என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு நாரையும் உடைக்கிற பாக்டீரியா வேறு வேறு. ஒரே பொருளைத் தினமும் தின்றால் ஒரு சாரார் மட்டும்தான் பிழைப்பார்கள்.

மாதக்கணக்கில் உப்பசமும் வலியும் இருந்தாலோ, எடை குறைந்தாலோ இதை நம்பி உட்கார வேண்டாம். டாக்டரைப் பாருங்கள்.


பொருநைக்கரை

எல்லோருக்கும் ஒரு தகவல். ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மலப் பரிசோதனையில் டிஃபிசில் இல்லை. மாத்திரை முடிந்த மூன்றாம் நாள் பேதி நின்றது. டாக்டர் ஐந்து நாளைக்கு ஈஸ்ட் பொட்டலம் எழுதினார், அதை மட்டும் கொடுத்தோம், குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா மோரை விடவில்லை. முந்தாநாள் பாசிப்பயறும் கீரையும் ஆரம்பித்தார். நேற்று ஆச்சி வீட்டிலிருந்து பழைய சோறு வந்தது. சின்ன வெங்காயத்தோடு ஒரு கிண்ணம் சாப்பிட்டார், ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: முழுதாகப் பழைய நிலை வர எத்தனை நாள் ஆகும்?


நுண்ணோக்கி

மிகவும் மகிழ்ச்சி. 2018-ல் வந்த ஒரு ஆய்வில், மூன்று கடுமையான ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துக் கொடுத்த 12 ஆண்களுக்கு ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த 9 வகைகளை ஆறு மாதம் கழித்தும் காணவில்லை. அம்மாவுக்கு ஒரே மருந்து, ஏழு நாள்தான். இரண்டு மாதமாவது கீரையையும் பயறையும் மோரையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து சளி, காய்ச்சல் என்று வந்தால், கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். வைரஸ் சளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.


செவிலியக்கா

தங்கச்சி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முள் குத்திய கால் இவ்வளவு தூரம் வீங்கியிருக்கிறதே, அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? பார்க்கவில்லையென்றால் இந்த வாரமே வெறும் வயிற்றில் ஒருமுறை பார்த்துவிடு. தோட்டத்துக்குப் போகும்போது செருப்புப் போடச் சொல்.